காணி உறுதியின் கதை

யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் வாங்க எண்ணும் ஒருவர் முதலிற் பார்ப்பது வீட்டையே. சுவர் வெடித்திருக்கிறதா, கிணற்று நீர் நன்னீரா உவர்நீரா, கோடியிலுள்ள மாமரம் காய்க்கிறதா, ஒழுங்கையால் வாகனம் வருமா என்றெல்லாம் ஆராய்வார். பின்பு விலை பேசுவார். உறுதியை மட்டும் அவர் படிப்பதில்லை. அதனை அறிந்தவர் ஒருவர் கையிற் கொடுத்து, "எல்லாம் சரிதானே?" என்று கேட்டு, "சரி" என்ற விடையோடு மனநிறைவு கொள்வார். உறுதியின் நடை அவரை அச்சுறுத்துவது வியப்பன்று. முற்றுப்புள்ளி காணாது மூன்று பக்கம் ஓடும் வாக்கியம், "மேற்படி" என்றும் "இதன்பின்" என்றும் திரும்பத் திரும்ப வரும் சொற்கள், வழக்கொழிந்த அளவைகள் ஆகியன யாவரையும் களைப்படையச் செய்வனவே.

ஆயினும் அந்த உறுதியின் இறுதியில் அட்டவணை என்று ஒரு பகுதி உண்டு. அதனை நிதானமாகப் படிப்போர் ஏறத்தாழ நானூறு ஆண்டு வரலாறு அங்கே அடுக்கடுக்காகப் படிந்து கிடப்பதைக் காண்பர். பழைய முறையில் எழுதப்பட்ட அட்டவணை ஒன்று பெரும்பாலும் இவ்வாறு அமையும்: இன்ன மாவட்டத்தில், இன்ன கோயிற்பற்றில் இருக்கும் ஆலடி வளவு என்னும் பெயருடைய காணி, வரகு விதைப்புப் பரப்பு நான்கு, இதனுள் அடங்கிய வீடு, பயன்தரு மரங்கள், தென்கீழ் மூலையிலுள்ள பங்குக் கிணற்றிற் பங்கு, வழிவாய்க்காற் பாத்தியதை, கிழக்கெல்லை இன்னாரின் ஆதனம், வடக்கெல்லை ஒழுங்கை, மேற்கெல்லை இன்னாரின் உரித்தாளர் ஆதனம், தெற்கெல்லை கோயிற் காணி.

ஆலடியில் ஆலமரம் இன்றில்லை. வரகும் விதைப்பாரில்லை. எல்லைக்காரரும் பெரும்பாலும் காலஞ்சென்றவர்களே. எனினும் இவற்றுள் எதனையும் நீக்க நொத்தாரிசு துணியமாட்டார். காரணம் வெளிப்படை. முந்திய உறுதியில் உள்ள காணியும் இவ்வுறுதியில் உள்ள காணியும் ஒன்றே என்பதற்கு அச்சொற்களே சான்று.

காணிப் பெயரிலிருந்து தொடங்கலாம். வளவு, தோட்டம், கலட்டி, புலம், தாழ்வு என முடியும் பெயர்கள் ஊர் மக்கள் இட்டவை. அவற்றை ஏட்டில் ஏற்றி நிலைபெறச் செய்தவர்களோ அந்நியர். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், நிலத்தையும் அதன் வருவாயையும் கணக்கெடுத்து எழுதிய ஏடுகளைத் தோம்பு என்றனர். லிசுபன் நகரத்து அரச ஆவணக் காப்பகமும் 'தொரே தோ தொம்போ' என இச்சொல்லாலேயே வழங்குகின்றது. 1645ஆம் ஆண்டைச் சார்ந்த யாழ்ப்பாண ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டு பி. ஈ. பீரிஸ் எழுதிய நூல், அக்காலத்து நிருவாகப் பிரிவுகளையும் வரிகளையும் அறிய உதவுவது. 1658இல் போர்த்துக்கேயரை வென்ற ஒல்லாந்தர் இப்பணியை மேலும் நுட்பமாகச் செய்தனர். காணித் தோம்பு, தலைத் தோம்பு என இரு வகை வகுத்தனர். காணித் தோம்பில் நிலமும் உடையாரும். தலைத் தோம்பில் குடும்பமும், அதிலுள்ள ஆண்கள் கும்பனிக்குச் செய்யவேண்டிய ஊழியமும்.

இங்கே ஒன்றைக் கருதவேண்டும். தோம்பு எழுதப்பட்டது உடையவனின் உரிமையைக் காப்பதற்கன்று. அவனிடமிருந்து இறை தண்டுவதற்கும் ஊழியம் கொள்வதற்குமே. ஆயினும் காலப்போக்கில் மக்கள் அதனைத் தம் உரிமைக்குச் சான்றாகக் காட்டத் தலைப்பட்டனர். "தோம்பிலே எங்கள் பாட்டன் பெயர் இருக்கிறது" என்பது பெரிய வாதமாயிற்று. வரிக்கணக்கை உரிமைச் சாசனமாகக் கொள்ளும் இந்தப் பழக்கம் இன்றும் விட்டபாடில்லை. சோலைவரிப் பற்றுச்சீட்டுகளைக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து, "முப்பது வருடமாக என் பெயரில் வரி கட்டுகிறேன், காணி என்னுடையதுதான்" என்று கூறுவோர் உளர். வரி கட்டியவர் வரி கட்டினார் என்பதையே அச்சீட்டு காட்டும். ஆட்சிக்கு அது ஒரு துணைச் சான்றாகலாம். உரித்துக்கு அது போதாது.

அளவையின் கதை வேறு. மண்ணை நீள அகலத்தால் அளவாது, அதில் விதைக்கும் தானியத்தால் அளந்தனர் நம் முன்னோர். ஆதலால் வரகு விதைப்புப் பரப்பு என்றும் நெல் விதைப்புப் பரப்பு என்றும் இரண்டு பரப்பு வந்தன. பரப்பை லாச்சம் என்பதும் உண்டு. வரகுப் பரப்புக்குக் குழி பதினெட்டு; நெற் பரப்புக்குக் குழி பன்னிரண்டு. ஆங்கிலக் கணக்கிற் கூறின், வரகுப் பரப்புப் பதினாறு கொண்டது ஓர் ஏக்கர். நெற் பரப்பாயின் இருபத்து நான்கு வேண்டும். எனவே வரகுப் பரப்பு ஒன்று பத்துப் பேர்ச்சஸ். நெற் பரப்பு ஒன்று ஏழு பேர்ச்சசுக்கும் சிறிது குறைவு. "நாலு பரப்பு" என்ற வாய்ச்சொல்லை நம்பி விலை பேசுவோர் எந்தப் பரப்பு என்று கேளாது விட்டால், மூன்றில் ஒரு பங்கு நிலம் சொல்லிலேயே கரைந்துவிடும். ஊர் நடுவே குடியிருப்பு வளவுகள் பெரும்பாலும் வரகுக் கணக்கின. வயல் அருகே அண்மையில் மண்ணிட்டு உயர்த்தி வீட்டுக்காணியாக்கிய துண்டுகளிலேதான் இம்மயக்கம் நேரும்.

இனி, அட்டவணையில் எழுதப்படாத ஒன்றுக்கு வருவோம். அது தேசவழமை. தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707ஆம் ஆண்டு சனவரியில் ஒப்படைத்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலிமார் பார்வையிட்டு ஏற்ற பின்னரே நீதிமன்றங்களுக்கு அனுப்பப்பட்டது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டு 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு அளித்தனர்.

ஐசாக்ஸ் கண்ட சமூகத்தில் காணி ஒருவனுடையது அன்று. தந்தை வழி வந்தது முதுசம்; மணமகளுக்குப் பெற்றோர் கொடுப்பது சீதனம்; கணவனும் மனைவியும் கூடி வாழுங்காலத்தில் ஈட்டுவது தேடியதேட்டம். மூன்றுக்கும் மூன்று வழி. இவற்றை உணராது யாழ்ப்பாணத்து உறுதியைப் படித்தல் எழுத்தறியாதான் ஏடு புரட்டியது போலாகும். பணத்தேவை வந்தபோதும் மக்கள் விற்பதற்கு விரைந்திலர், ஒற்றி வைத்தனர். ஒற்றி என்பது பணம் தந்தவனிடம் காணியையே ஒப்படைத்து, வட்டிக்கு ஈடாக விளைவை அவன் அனுபவிக்க விடுதல். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் காணி மீளும். அதுவும் நின்ற பயிர் அறுத்த பின்னரே. நிலம் கைமாறினும் உரித்து மாறாத அந்த ஏற்பாடு, விற்பனையை மக்கள் எவ்வளவு பாரமாகக் கருதினர் என்பதைக் காட்டும்.

விற்கவேண்டி வந்தாலோ, ஊரறிய விற்கவேண்டும். பங்காளிக்கும் உரித்தாளருக்கும், காணியை ஈடாகப் பிடித்திருக்கும் அயற்காணிக்காரனுக்கும் முதலில் அறிவித்தல் பழைய வழக்கம். கொம்மாந்தோர் புளொம் காலத்தில் அது ஒரு கட்டளையாயிற்று. விற்கும் எண்ணத்தை அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிற்பற்றுத் தேவாலயத்திற் கூறி அறிவித்த பின்னரே விற்பனை நிறைவேறலாம். சைவன் ஒருவன் தன் வளவைத் தன்னையொத்த சைவன் ஒருவனுக்கு விற்பதற்கு, ஒல்லாந்தரின் சீர்திருத்தத் தேவாலயத்தில் மூன்று வாரம் கூறப்படுவது நகைப்புக்கு இடமாயினும், அதன் பயன் பெரிது. மூன்று வாரத்துள் உரிமையுள்ளவன் எவனும் எழுந்து, "அதில் எனக்குப் பங்குண்டு" என்று கூறலாம். வாங்குவோனுக்கு அதைவிடச் சிறந்த தேடுதல் வேறில்லை. ஒருவருக்கொருவர் உறவுமுறை அறிந்த ஊர், ஓர் ஏட்டைவிடத் துல்லியமாகப் பேசும்.

இப்பழமையை முழுவதும் புகழ்ந்துரைத்தலும் தகாது. அதே தேசவழமையில் காணியைப் பற்றிய பிரிவுகளோடு அடிமைகளைப் பற்றிய பிரிவும் இருக்கின்றது. மனிதரும் வளவைப் போலவே முதுசமாகவும் சீதனமாகவும் கைமாறிய காலம் அது. 1844இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை அப்பிரிவுக்குப் பொருள் இருந்தது. பழைய சாதனங்களைப் படிப்போர் இதனையும் காண்பர். கண்டும் காணாதார் போற் கடத்தல் நேர்மையன்று.

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைப்பட்டது. அவர்கள் வந்தபோது ஓலை உறுதிகள் வழக்கில் இருந்தன. பனையோலையில் எழுத்தாணியால் எழுதிய உறுதிகள் தேசாதிபதிகள் பலர் மாறிய பின்னரும் தொடர்ந்தன. பொய்யுறுதியும் பொய்ச்சாட்சியும் மலிந்தன என்று கூறி, 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அசைவற்ற ஆதனத்தின் விற்பனையோ ஈடோ எழுத்தில் இருக்கவேண்டும். உரிமம் பெற்ற நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் ஒரே வேளையில் உடனிருக்க ஒப்பமிடப்படவேண்டும். அன்றேல் அது வலுவற்றது என்பது அதன் சாரம். இன்றும் இலங்கையில் எந்தக் காணி விற்பனையும் இந்தச் சட்டத்தின் மீதே நிற்கின்றது.

இச்சட்டத்தால் நேர்ந்த மாற்றத்தை மக்கள் சரியாக விளங்கிக் கொண்டனர் என்று கூறுவதற்கில்லை. மூன்று ஞாயிறு கூறிய முறையில், ஊர் அத்தாட்சிப்படுத்தியது உரித்தை. நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்துவதோ ஒப்பத்தை. இன்னார் இன்ன நாளில் என் முன்னிலையில் ஒப்பமிட்டார், உறுதி அவருக்கு வாசித்து விளக்கப்பட்டது, பணம் என் முன்னிலையிற் கொடுக்கப்பட்டது அல்லது கொடுக்கப்படவில்லை என்பனவே அவர் கூறுவன. விற்றவருக்கு விற்க உரிமை இருந்ததா என்பதற்கு அவர் பிணை நிற்பதில்லை. பதிவேட்டைத் தேடிப் பார்ப்பது அவர் கடமைகளுள் ஒன்றாயினும், தரப்பினர் வேண்டாமென்று விலக்கிவிட இடமுண்டு. செலவைச் சுருக்குவதாக எண்ணிப் பலர் அவ்வாறே விலக்கியும் விடுகின்றனர். இலட்சக்கணக்கிற் பணம் கொடுப்பவர் தேடுதற் கூலியில் மிச்சம் பிடிப்பது விந்தையே.

பின்பு பதிவு வந்தது. 1863ஆம் ஆண்டு 8ஆம் இலக்கச் சட்டத்தால் காணிப் பதிவுக்கு அடித்தளம் இடப்பட்டது. இப்பொழுது நடைமுறையிலுள்ளது 1927ஆம் ஆண்டு 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம். ஒவ்வொரு காணிக்கும் ஏட்டில் ஒரு பக்கம். அக்காணியைப் பற்றிய அறுதி, ஈடு, ஒற்றி, நன்கொடை, வழக்கு யாவும் அதில் வரிசையாக ஏறும். ஒரே காணியை ஒருவர் இருவருக்கு விற்றாராயின், பிந்தி வாங்கியவர் முந்திப் பதிந்துகொண்டால், சூதும் கூட்டுச்சதியும் இல்லாதவிடத்து, அவரே வெல்வார். ஆதலால் உறுதி முடித்த கையோடு பதிதல் இன்றியமையாதது. ஆனால் பதிவும் ஒரு வரிசையைத்தான் தரும். உரித்தில்லாதவர் எழுதிக் கொடுத்த உறுதியைப் பதிந்தால், பதியப்பட்ட உரித்தின்மையே கிடைக்கும்.

ஒரு கற்பனைக் காட்டால் இதனைக் காண்போம். முன்பு கூறிய ஆலடி வளவை 1952இல் மணமான ஒருவர் தம் உழைப்பின் பணத்தால் வாங்கினார் என்க. அவர் பெயரில் அறுதி உறுதி, பதிவும் சரி. அவருக்குப் புதல்வர் இருவர், மகள் ஒருத்தி. 1968இல் மரணசாதனம் எழுதாது இறந்தார். 1974இல் மகளுக்கு மணம் பேசியபோது, தாயார் வளவு முழுவதையும் சீதனமாக எழுதி, தமக்குச் சீவிய உரித்தை மட்டும் வைத்துக்கொண்டார். நொத்தாரிசு, சாட்சிகள், முத்திரை, பதிவு எல்லாம் ஒழுங்கு. தாயார் 1991இற் காலமானார். சீவிய உரித்தும் அத்துடன் முடிந்தது. மகள் அவ்வீட்டிலேயே வாழ்ந்து, இன்று விற்க வருகிறார். மூத்தவர் கொழும்பில், இளையவர் கனடாவில். வாங்க வருபவர் கையில் இரண்டு உறுதிகள், இரண்டிலும் பழுதில்லை. பதிவேட்டிலும் கறையில்லை. முழு விலையும் கொடுக்கிறார். அவர் பெற்றது என்ன?

மூன்றில் இரண்டு பங்கு.

வளவு மணவாழ்க்கையில் விலைக்கு வாங்கப்பட்டதாதலின் அது தேடியதேட்டம். 1911ஆம் ஆண்டு 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமை, வழியுரிமைச் சட்டமும், அதனை மாற்றிய 1947ஆம் ஆண்டு 58ஆம் இலக்கச் சட்டமும் கூறுவது யாதெனில், ஒருவர் இறந்தால் தேடியதேட்டத்திற் பாதி எஞ்சிய துணைக்கு. மற்றப் பாதி இறந்தவரின் உரித்தாளருக்கு. ஆகவே 1968இல் தாயாருக்கு அரைப்பங்கு. பிள்ளைகள் மூவருக்கும் தலைக்கு ஆறில் ஒன்று. தாயார் முழுவதையும் எழுதியபோதும், அவர் கொடுக்கக் கூடியது தம் அரைப்பங்கையே. மகளின் சொந்த ஆறில் ஒன்றோடு அது சேர மூன்றில் இரண்டு. எஞ்சிய மூன்றில் ஒன்று சகோதரர் இருவருடையது. அவர்கள் எந்த உறுதியிலும் இல்லை, பதிவேட்டிலும் இல்லை. தகப்பனார் இறந்ததைக் காணிப் பதிவகம் அறியாது. அவருக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதும் அதற்குத் தெரியாது. அதனை அறிந்தது ஊர் ஒன்றே. ஞாயிற்றுக்கிழமை கூறும் வழக்கம் இருந்திருப்பின், மூத்தவரின் மைத்துனரேனும் எழுந்து நின்றிருப்பார்.

இதற்கு மேலும் இரண்டு முடிச்சுகள் உள. மகள் மணமானவர், தேசவழமைக்கு உட்பட்டவர். 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் தம் அசைவற்ற ஆதனத்தைக் கணவரின் எழுத்திலான சம்மதமின்றி விற்க இயலாது. கணவர் தம் ஆதனத்தை விற்க மனைவியின் சம்மதம் கேட்கும் கடமை அச்சட்டத்தில் இல்லை. தன் சீதனத்தைத் தானே விற்கப் பெண்ணுக்கு உரிமையில்லை என்பது இக்காலத்துக்கு ஒவ்வாதது என்று சட்டமறிந்தோர் பலரும் கூறிவருகின்றனர். கூற்றில் நியாயம் உண்டு. எனினும் விதி உள்ளவரை, வாங்குவோர் அந்த ஒப்பத்தைப் பெறாது விடலாகாது. கணவர் பிரிந்து சென்றிருந்தாலோ, நியாயமின்றி மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாடவேண்டும். மற்ற முடிச்சு முன்கொள்ளும் உரிமை. 1947ஆம் ஆண்டு 59ஆம் இலக்கச் சட்டம் பழைய வழக்கத்தைச் சுருக்கி, பங்காளருக்கும் உரித்தாளராகக் கூடியவருக்கும் அவ்வுரிமையை நிலைநிறுத்தியது. அவர்களுக்கு எழுத்தில் அறிவித்தல் கொடாது அந்நியருக்கு விற்றால், பின்னர் அவர்கள் நீதிமன்றம் சென்று அவ்விற்பனையைத் தம் பக்கம் திருப்ப வழியுண்டு.

"சகோதரர்கள் ஐம்பது வருடமாக எட்டியும் பார்க்கவில்லையே, காணி மகளுக்கு முதிர்ந்துவிடாதா?" என்ற வினா எழும். 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கச் சட்டப்படி, பத்து ஆண்டு இடையறாது, பிறர் உரிமைக்கு எதிராக ஆண்டவர் உரித்துப் பெறலாம் என்பது மெய்யே. ஆனால் பங்காளருள் ஒருவர் ஆள்வது எல்லாப் பங்காளருக்காகவும் ஆள்வதாகும் என்று பிரிவிக் கவுன்சில் 1911இல் இலங்கை வழக்கொன்றில் தீர்த்தது. மற்றவர்களை வெளிப்படையாக விலக்கியதற்குச் சான்று வேண்டும். அண்ணன்மார் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து அதே வீட்டிற் படுத்தெழும்பிப் போயிருப்பின், விலக்கியதென்று எங்ஙனம் கூறுவது? நெடுங்கால ஆட்சியும் வேறு சூழ்நிலைகளும் சேர்ந்த வழக்குகளில் நீதிமன்றங்கள் மறுவிதமாகவும் தீர்த்துள்ளன. எனவே விடை வழக்கின் முடிவிலேதான் கிடைக்கும். வீடு வாங்குவோர் எவரும் வழக்கொன்றை வாங்க விரும்புவதில்லை.

பங்குகளின் பெருக்கம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. பத்துத் தென்னை மரங்களில் 2,520இல் ஒரு பங்குக்காகக் காலியில் நடந்த வழக்கொன்றை எமர்சன் தெனென்ற் 1859இல் வெளிவந்த தம் இலங்கை நூலிற் குறித்துள்ளார். இச்சிக்கலைத் தீர்ப்பதற்கே 1863இல் பாகப்பிரிவினைச் சட்டம் வந்தது. பின்னர் 1951இலும் 1977இலும் புதிதாக்கப்பட்டது. பிரிவினை வழக்கின் இறுதித் தீர்ப்பு, வழக்காடியவரை மட்டுமன்றி, எல்லாரையும் கட்டுப்படுத்தும். அத்தகைய தீர்ப்பை மூலமாகக் கொண்ட காணி கிடைப்பின் வாங்குவோர் பேறு பெற்றவரே. அந்த வழக்குத் தாத்தா தொடங்கிப் பேரன் முடிப்பது என்பது வேறு கதை.

எல்லையைப் பற்றியும் ஒரு சொல். வேலிக்குக் கதியால் மாற்றும்போது எல்லை நகர்வதை அறியாத ஊரில்லை. கிளுவையும் பூவரசும் ஆண்டுக்கொரு விரற்கடை நடக்கும் என்பர். உறுதியில் உள்ள பரப்பும் நிலத்தில் உள்ள வேலியும் ஒத்திருக்கின்றனவா என்பதை நில அளவையாளர் ஒருவரே கூற வல்லவர். பழைய உறுதிகள் பலவற்றில் படமே இராது. எல்லைக்காரரின் பெயரே எல்லை. பங்குக் கிணறும் அவ்வாறே. துலா மிதித்து முறைக்கு முறை இறைத்த காலத்தில், பங்கு என்பது நாளும் நாழிகையும் ஆகும். இன்று நீரிறைக்கும் இயந்திரம் வைத்தவர்க்கு முறை தேவையில்லை. ஆயினும் அட்டவணையில் உள்ள பங்கு அழிவதில்லை. அயலவர் தம் பங்கைக் கேட்டு, வாய்க்கால் போன வழியையும் காட்டுவர். அவ்வழியின்மேல் வாகனக் கொட்டகை கட்டியோர் பட்ட பாடு ஊர்களிற் பேசப்படுவது.

இவை யாவும் மக்கள் தத்தம் ஊரில் இருந்த காலத்துச் சிக்கல்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முசுலிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். தலையிற் சுமந்தவை பாயும் பானையும் பிள்ளைகளுமே. இரும்புப் பெட்டியில் இருந்த உறுதிகள் வீட்டோடு எரிந்தன; மழையில் நனைந்தன; மண்ணிற் புதைத்து வைத்தவர் மீண்டு வந்தபோது கறையான் முந்தியிருந்தது. மீண்டு வந்தோரிற் பலர் தம் வீட்டிற் பிறர் குடியிருக்கக் கண்டனர். சிலரின் காணி பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டிருந்தது.

அப்பொழுதுதான் நொத்தாரிசு முறையின் அரிய பயன் ஒன்று வெளிப்பட்டது. உறுதி மூன்று படியாக எழுதப்படுவது. மூலம் உடையவர் கையில், ஒன்று நொத்தாரிசிடம், ஒன்று காணிப் பதிவகத்துக்கு மாதந்தோறும் அனுப்பப்படுவது. கையிலிருந்தது அழிந்தாலும், இலக்கமும் நாளும் நொத்தாரிசின் பெயரும் நினைவிருப்போர் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி பெற்றனர். இலக்கம் நினைவில்லாதோர் காணிப் பெயரையும் கோயிற்பற்றையும் கூறி ஏட்டைத் தேடுவித்தனர். ஒல்லாந்தன் இறை தண்டுவதற்காக ஏட்டில் ஏற்றி வைத்த பெயர், அகதி ஒருவனுக்கு அவன் வளவைத் திருப்பிக் கொடுக்க உதவியது. பத்தாண்டு ஆட்சி என்னும் விதியோ அம்மக்களுக்கு எதிராக நின்றது. போரினாற் பெயர்ந்தவர் தம் காணிக்கு வராதிருந்த காலத்தைப் பிறரின் ஆட்சிக் கணக்கிற் சேர்ப்பது அநீதி என்பதை உணர்ந்து, 2016ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே முதல் 2009 மே வரையான காலத்துக்கு விசேட ஏற்பாடு செய்தது. சட்டம் வருவதற்குள் தொலைந்த வழக்குகளும் உண்டு.

வாங்குவோர் இன்றுஞ் செய்யவேண்டியது இரண்டு தேடுதல். ஒன்று பதிவகத்து ஏட்டில், முப்பது ஆண்டுக்கேனும் பின்னோக்கிச் செல்லவேண்டும். மற்றது ஏட்டிற்கு வெளியே: யார் இறந்தார், எப்போது இறந்தார், மரணசாதனம் உண்டா, பிள்ளைகள் எத்தனை பேர், எவர் எங்கே. அயலட்டத்தில் முதியவர் ஒருவரோடு அரைமணி நேரம் திண்ணையில் இருந்து பேசினால், நொத்தாரிசு எழுதாத பல விடயங்கள் வெளிவரும். வன்னிக் குடியேற்றத் திட்டக் காணிகளிற் கேள்வி வேறு. அங்கே கையிலிருப்பது பெரும்பாலும் உறுதியன்று. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்பு. அரச சம்மதமின்றி அதனை விற்கவும் வாங்கவும் இயலாது. வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை ஒட்டிப் பணம் கொடுத்தோர் இழந்தது பணத்தை மட்டுமன்று.

உறுதியைப் பதிவதை விடுத்து உரித்தையே பதிந்து அரசு பொறுப்பேற்கும் முறைக்கு 1998ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டம் வழிகோலியது. பிம் சவிய என்னும் பெயரில் அது சில பகுதிகளிற் படிப்படியாக நடைபெறுகின்றது. அம்முறையில் உரித்தை விசாரித்து முடிவு செய்யும் உத்தியோகத்தர், முதலில் அறிவித்தல் இட்டு, உரிமை கோருவோரை வரச்சொல்லி அழைக்கின்றார். மூன்று ஞாயிறும் கூறியது அதைத்தான்.

ஆலடி வளவை வாங்க வந்தவர் இவற்றை அறிந்தவர் என்று கொள்வோம். அவர் மூத்தவரைக் கொழும்பிற் சென்று காண்பார். கனடாவில் உள்ளவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் ஒப்பமிட்டு அற்றோணித் தத்துவம் அனுப்புவார். அதனை இங்கே பதிந்து, எழுதிக் கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்பதையும் உறுதிநாளன்று உறுதிப்படுத்திக் கொள்ளவேண்டும், ஏனெனில் அவர் இறந்தால் தத்துவமும் இறக்கும். சகோதரர் இருவரும் விற்போராகவே தங்கையோடு சேர்ந்து ஒப்பமிடுவர். தங்கையின் கணவர் சம்மதம் தெரிவித்து ஒப்பமிடுவார். தகப்பனார் 1968இல் இறந்ததும், உரித்து மூவருக்கும் வந்ததும் உறுதியின் முகவுரையில் முதன்முறையாக எழுத்தில் ஏறும். விலையில் மூன்றில் ஒரு பங்கு அண்ணன்மாருக்குப் போகும். தங்கைக்கே விட்டுக்கொடுப்பதாயின் அது அவர்கள் பாடு. பிறகு நொத்தாரிசு அட்டவணையைப் பழைய உறுதியிலிருந்து சொல் பிசகாது பார்த்தெழுதி, வரகு விதைப்புப் பரப்பு நான்கு என்பதன் அருகே புதிய அளவைப்படத்தின் இலக்கத்தைச் சேர்ப்பார்.